கண்ணாடி ஏற்றிய காரில் பேசியது

பாட்காஸ்ட் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, நான் கணவரின் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன். வார்த்தையைக் கொண்டுவந்தவள் ஒரு இளம்பெண். தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு தொண்டு அமைப்பின் காரில், நர்ஸோடு கூட வந்திருந்தாள். திருவனந்தபுரத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்திருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். இவளுக்கு வேறு சோலி இல்லையா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில். ஒரு கூடம், ஒரு அடுக்களை, மேலே ஓடு. என் கணவர் மஸ்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். திரும்பி வந்த இரண்டாம் வருஷம் வயிற்றில் வலி என்றார். வலி பிறகு முதுகெலும்புக்கு ஏறியது, கால் இரண்டும் விழுந்துவிட்டன. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவருடைய கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டேன்.

புற்றுநோய்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நோய் என்னவென்று நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனால் ஊருக்கே விஷயம் விளங்கிவிடும் என்பதால், அங்கே ஸ்கேன் எடுக்கிற மிஷின் புதிது என்று அவரிடம் ஒரு காரணம் சொன்னோம். வயிற்றில் புண், முதுகில் டிஸ்க் விலகல், இதுதான் வீட்டுக்குள் அவருடைய நோயின் பெயர். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், போதகர், எல்லாரிடமும் சொல்லும்போதே கூடவே 'அவருக்குத் தெரியாது' என்றும் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு ஊர் முழுக்க வாயைப் பூட்டிக்கொள்ளும். வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர்கூட முழங்காலில் நின்று, 'ஆண்டவரே, இந்த வயிற்றுப்புண்ணை எடுத்துப்போடும்' என்று உருக்கமாக வேண்டினார். எந்த நோயைக் குணமாக்குவது என்று ஆண்டவருக்கே குழம்பிப் போயிருக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

அவர் நம்பினாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நம்பினார். கிறிஸ்மஸுக்குள் எழும்பிவிடுவேன், ஓடு மாற்ற வேண்டும், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதையும் பெண்டாட்டி சொன்னதையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன். பாலைவனத்தில் தனியாக வண்டி ஓட்டியவருக்கு அந்தத் தந்திரமெல்லாம் வரவில்லை.

அந்தப் பெண்ணை நான் அடுக்களைக்குக் கூப்பிட்டு, கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, "என்ன மக்கா அது, பாட்காஸ்ட்டு?" என்று கேட்டேன்.

"ரேடியோ மாதிரிதான் அக்கா. ஆனா ரேடியோக்காரன் போடுத நேரத்துக்கு நாம காத்துக் கெடக்கணும். இது போன்ல எப்பவும் கெடக்கும். நமக்கு எப்பம் முடியுமோ அப்பம் கேக்கலாம். பாதியில நிறுத்தலாம், பொறவு விட்ட எடத்துல இருந்து கேக்கலாம்."

"அதான் யூடியூப் இருக்கே."

"யூடியூப்ப உக்காந்து பாக்கணும். ஒங்களுக்கு உக்கார நேரம் உண்டா? கை பாத்திரத்துல இருக்கும், கண்ணு அடுப்புல இருக்கும். காது மட்டும் சும்மாதானே இருக்கு."

அது சரியான பேச்சாக எனக்குப் பட்டது. கெட்டிக்காரிதான். தன் அமைப்புக்கு இது எதற்கு என்பதையும் சொன்னாள். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் வீடுகள், நர்ஸோ கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு: எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, வலி மாத்திரையை வலி வருவதற்கு முன்னால் ஏன் கொடுக்க வேண்டும். நர்ஸ் ஒரு தடவை மைக்கில் சொல்லி ஏற்றிவிட்டால் எல்லா வீட்டிலும் சொன்ன மாதிரி. புதிதாகச் சேருகிற தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும் அதையே கேட்கச் சொல்லலாம். வளைகுடாவில் இருந்துகொண்டு அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஆபீஸுக்குப் போன் போட்டுத் தவிக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள். ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது, வாராவாரம் ஒரே கிழமையில் வர வேண்டும். இதற்குப் பெரிய ஸ்டுடியோ எதுவும் வேண்டாம், ஒரு போனும் சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் போதும் என்றாள்.

"பொறவென்ன, நடத்துங்க."

"நடத்துதோம் அக்கா. ஆனா டாக்டர் பேசினத ஆருமே முழுசா கேக்கல்ல. எந்த நிமிஷத்துல நிறுத்திட்டுப் போறாங்கன்னு நமக்குத் தெரியும். அவரு 'நோயாளியின் சருமத்தின் ஈரப்பதம்'ணு தொடங்கினாரு. அங்கயே பாதிப் பேரு போயாச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்துக் கொஞ்சநாள் ஆகியிருந்தது. கூடத்திலிருந்து என் கணவர், "என்னட்டி சிரிப்பு?" என்று கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் கேட்க வந்ததைச் சொன்னாள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி பேச வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், டாக்டருக்கு என்ன தெரியும்? நான் முடியாது என்றேன். அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பெயர் வராது, ஊர் வராது, தக்கலைப் பக்கம் ஒரு அக்கா என்றுதான் அறிமுகம் செய்வோம் என்றாள். என் கணவருக்குப் பழைய பாட்டும் மஸ்கட் கூட்டாளிகளின் வாட்ஸ்அப்பும்தான் உலகம், பாட்காஸ்ட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பேசிப் பார்க்கலாமே என்று எனக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், யாராவது என்னைப் பேசச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிப் போயிருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு புத்திமதியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அது மாசி மாசம். மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குப் போகிற வேன்களும் ஒலிபெருக்கியும் ரோட்டில் இரைந்துகொண்டிருந்தன. வீட்டிலோ பேச முடியாது. அதனால் அமைப்பின் காரைப் பின்பக்கத்து இடவழியில் ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினார்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டால் காரைப் போல நல்ல இடம் கிடையாது, சீட்டுத் துணியும் பஞ்சும் எதிரொலியைக் குடித்துவிடும் என்று அவள் சொன்னாள். ஏசி போட்டால் அந்த இரைச்சல் மைக்கில் விழும், அதையும் போடவில்லை. நர்ஸ் உள்ளே அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். நான் மருந்து வாங்கப் போயிருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். வியர்வை துடைக்க ஒரு துவர்த்தை என் மடியில் போட்டுவிட்டு, அந்தப் பெண் முதல் கேள்வியைக் கேட்டாள்.

நான் பேசினேன். முதலில் அவருக்கு வந்த புற்றுநோயைப் பற்றி, திருப்பிப் படுக்க வைப்பதைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி, கோழிக்குஞ்சு மாதிரி கொஞ்சமாகக் கொத்திக் கொத்திச் சாப்பிடுகிறவருக்கு எதையெல்லாம் அரைத்துக் கொடுக்கலாம் என்பதைப் பற்றி. பிறகு அவள் கேட்காததையும் பேசினேன். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது, சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை, பொய் சொல்லிச் சொல்லி என் நாக்குத் தடித்துவிட்டது என்றேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "சில நாளு காலத்த எழும்பும்போ, இண்ணைக்கு முடிஞ்சிரட்டும்ணு தோணும். மூச்சு இருக்காண்ணு பாப்பேன். இருக்கும். சே-ண்ணு ஒரு நெனப்பு வரும் பாரு, அத நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

அவள் பதிவை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். காற்று வந்தது. எனக்கு உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் அவருக்குப் பயறு கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவள் என் பேச்சைப் பதினைந்து நிமிஷத்துக்குள் அடக்கி வெட்டி, அமைப்பின் டாக்டரிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். நோயாளியிடம் மறைப்பது தவறு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிற அமைப்பு அது. 'அவருக்குத் தெரியாது' என்று நான் சொல்கிற இடங்களை எல்லாம் அப்படியே விட்டால், மறைப்பதற்கு நாமே வழி காட்டுகிற மாதிரி ஆகும், அதை எடுத்துவிடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் எடுத்துவிட்டாள். மற்றது எல்லாம் இருந்தது. எனக்கு அனுப்பி, கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க அக்கா, போடலாமா என்று கேட்டாள். நான் எங்கே போய்க் கேட்பேன்? ஒற்றைக் கூடம், அவருக்கோ பாம்புச் செவி. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்பினேன்.

அது நன்றாக ஓடியது. அவர்கள் போட்டதிலேயே அதைத்தான் நிறையப் பேர் கடைசிவரை கேட்டார்கள் என்று அவள் போனில் குதித்தாள். குழித்துறையிலிருந்து ஒருத்தி ஆபீஸுக்குப் போன் பண்ணி, ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்தாளாம். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற இன்னொருத்தி, இதைக் கேட்ட பிறகுதான் நான் பாவி இல்லை என்று தெரிந்தது என்றாளாம். எனக்குப் பெருமையாகவே இருந்தது. பொய் சொல்வானேன்?

மஸ்கட்டில் என் கணவரோடு ஒரே அறையில் இருந்த ஒரு கூட்டாளி உண்டு. அவனுடைய அம்மா ராஜாக்கமங்கலத்தில் படுக்கையில் கிடந்தாள். அங்கேயும் இதே அமைப்பின் நர்ஸ்தான் போவார். அதனால் அவன் வண்டி ஓட்டும்போது இந்தப் பாட்காஸ்ட்டைக் கேட்பான். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நான் போன் பண்ணினால் என் கணவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஊர்ப் பேச்சுக் கேட்க வேண்டுமே. அவன் வருஷக்கணக்கில் கேட்ட குரல் இது. பெயரை மாற்றினோம், ஊரை மாற்றினோம், குரலை அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் ஜில்லாவில் ஒருத்தி வாயைத் திறந்தால் எந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம், எந்தச் சபை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். தக்கலை என்று போட்டால் மட்டும் நான் தக்கலைக்காரி ஆகிவிடுவேனா?

குரலைக் கண்டுபிடித்ததுகூடப் பரவாயில்லை. நாங்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்த அந்த ஒற்றை வார்த்தை அவனுக்குப் போகவில்லை. அதுதான் வெட்டப்பட்டுவிட்டதே. உலகத்துக்கே சொன்னவள் புருஷனுக்குச் சொல்லாமலா இருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். மத்தியான இடைவேளையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் கணவருக்குப் போன் பண்ணி, அழுது, ஆறுதல் சொல்லி, உன் பெண்டாட்டி பேசினதைக் கேட்டேன், கேட்கக் கேட்க நெஞ்சு பொறுக்கல்ல என்று அந்த லிங்கையும் அனுப்பினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்போது இருந்தது, இப்போது இல்லை.

நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன், அன்றைக்கு நிஜமாகவே. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வீட்டுக்குள் நான் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

போன் அவர் நெஞ்சின்மேல் கிடந்தது. கண் மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இண்ணைக்கு முடிஞ்சிரட்டும்ணு தோணும் என்ற இடம் வந்தது. நான் பாய்ந்து போய் நிறுத்தவில்லை, நின்ற இடத்திலேயே நின்று கேட்டேன். அது தானாக முடிந்தது. முடிவில் அந்தப் பெண்ணின் குரல், கேட்டதற்கு நன்றி என்று சொன்னது.

"கேன்சராட்டி?" என்று கேட்டார்.

"ஆமா."

போனை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "நல்லாத்தான் பேசியிருக்க," என்றார். "எனக்கக் கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கால்களில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. சவத்த விடு, அழாத, போய் முகத்தக் கழுவு என்றார். நோயைப் பற்றிப் பிறகு இரண்டு மூன்று கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்தப் பேச்சின் கடைசியில் நான் சொன்னதைப் பற்றி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதுவரை தண்ணீருக்கு, தலையணைக்கு, ஈ மொய்த்தால் விரட்டுவதற்கு, சும்மா பேச்சுத் துணைக்கு, எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார். நான் எரிந்து விழுந்துகொண்டே போவேன். இப்போது நானாகப் போய்க் கேட்டால் உண்டு. தண்ணி வேணுமா? நீ தந்தா குடிக்கேன். வலிக்கா? இல்ல, கொள்ளாம். முகத்தைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது தெரியும். திருப்பிப் படுக்க வைக்க நான் கொஞ்சம் பிந்தினால் அப்படியே ஒரு பக்கமாகக் கிடப்பார். நர்ஸ் அடுத்த தடவை வந்தபோது, இடுப்பெலும்புக்கு மேல் தோல் கறுத்து உடைந்திருந்தது. அத்தனை மாசம் ஒரு புண் இல்லாமல் வைத்திருந்தவள் நான். அதைப் பற்றித்தான் முதல் பத்து நிமிஷம் அத்தனை பெருமையாகப் பேசியிருந்தேன்.

நர்ஸ் போன பிறகு, "கூப்பிட்டா நான் வரமாட்டனா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நீயும் மனுஷிதானே," என்றார். "கொஞ்சம் இரி."

இவருக்கு இரக்கப்படுவதற்கு இதுதானா நேரம் என்று எனக்கு வெப்ராளம் பொங்கியது. யோசித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சோடு நான் நிறுத்தியிருக்க மாட்டேன். இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று கட்டாயம் சொல்லியிருப்பேன். இவர் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று சொல்லியிருப்பேன். சொன்ன மாதிரி ஞாபகம்கூட இருந்தது. 'அவருக்குத் தெரியாது' என்பதை வெட்டியவர்கள் இதையும் வெட்டியிருக்கிறார்கள். பாவிகள், என் வாயிலிருந்து வந்ததில் பாதியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மீதியை என் புருஷனுக்குக் கேட்க விட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அந்த அமைப்பின் ஆபீஸில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கிழித்துவிட்டேன். "ஏட்டி, எனக்க வார்த்தைய வெட்டுததுக்கு நீ ஆரு? நான் சொன்னது முழுசும் எனக்கு இப்பம் வேணும்."

அவள் முகம் செத்துப்போயிருந்தது. சாமான் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்றைத்தான் அவர்கள் பேசிப் பதிவு செய்வதற்கு வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் இறந்துபோன நோயாளிகளின் வீட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தவை. என்னை அங்கே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, வெட்டாத பதிவைப் போட்டுவிட்டு அவள் வெளியே போனாள்.

முழுக்கக் கேட்டேன். என் இருமல், துவர்த்தால் முகம் துடைக்கிற சத்தம், தூரத்தில் வேன் ஹாரன், எல்லாம் இருந்தது. 'அவருக்குத் தெரியாது' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். இண்ணைக்கு முடிஞ்சிரட்டும் என்று சொல்கிற இடம் வந்தது. அதற்குப் பின்னால் நான் தேடி வந்தது இல்லை. மூக்கைச் சிந்தினேன். பிறகு, "அவ்வளவுதான் மக்கா, கண்ணாடிய எறக்கு, மூச்சு முட்டுகு," என்று சொல்லியிருந்தேன். மறுபடியும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். அப்படி ஒன்றும் நான் சொல்லவே இல்லை.

வெளியே வந்தேன். அந்தப் பேச்சை எடுத்துவிடட்டுமா அக்கா, இப்பமே எடுத்துவிடலாம் என்று அவள் கேட்டாள். குழித்துறைக்காரியின் நினைப்பு வந்தது. "கெடக்கட்டும்," என்றேன். இனிமேல் பேசினவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்ட பிறகுதான் எதையும் வெளியே விடுவோம், வெட்டினால் எதை வெட்டினோம் என்று காட்டுவோம் என்று டாக்டர் அறையிலிருந்து வந்து சொன்னார். நல்லது, அப்படியே செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன். அந்த வழக்கத்தை அவர்கள் இன்றைக்கும் கைவிடவில்லை.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அக்கா போன பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதையும் மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை.

"அந்தப் பேச்சுல நல்லதா ஏதாவது சொல்லியிருப்பேன், அவங்க வெட்டியிருப்பாங்கண்ணு தேடிப் போனேன்," என்றேன். "நான் சொல்லல்ல. இப்பம் சொல்லுதேன். நீங்க போயிரப்பிடாது. எனக்கு வேற ஆரு இருக்கா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சூடு இல்லாத கை. அந்தக் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

"இப்பம் நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், அதனால சொல்லுத," என்றார். "அங்க நான் இல்ல. அதுதாம்ட்டி நெசம். அதுல ஒரு தப்பும் இல்ல."

நான் இல்லை இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அன்றைக்கு அந்தக் காரில் பேசியதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் உண்மை என்று அவர் எடுத்துக்கொண்டாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. சும்மா சும்மா போய் நின்றேன். நேரம் பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்தேன், கேட்காமலே மாத்திரை கொடுத்தேன். புண் கொஞ்சம் ஆறிக்கூட வந்தது. பழைய பாட்டைப் போட்டால் கேட்பார், நான் பேசினால் சிரிப்பார். மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள், அவளிடம் நன்றாகப் பேசினார். என்னைக் கூப்பிட மட்டும் இல்லை.

ஜூன் மாசம், இடவப்பாதி மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கஞ்சித்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டேன், கண்ணால் சரி என்றார். அடுக்களைக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, வடித்து, உப்புப் போட்டு, ஆற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் முடிந்திருந்தது. தலை அடுக்களைப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

எங்கள் பக்கத்தில் துட்டி விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைக் கேட்பார்கள்: கடைசியா என்ன சொன்னாரு? பிள்ளையின் பெயரைச் சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா, யாரையாவது கூப்பிட்டாரா? அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். போதகருக்கும் அது வேண்டும், அடக்க ஆராதனையில் அதை வைத்துத்தான் பேசுவார். ஆராதனை முடிந்து நேராக வந்தவர், நனைந்த அங்கியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா ஒங்கள ஏதும் கூப்பிட்டாரா அம்மா?"

"இல்ல, போதகரே," என்றேன். "அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு சுவருதான். கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."